ஆய்வு மாணவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில் இருக்கும் மாணவர்கள் ஆசிரியரிடம் முதலில் கேட்பது, "நெட் எழுதட்டுமா, கேட் எழுதட்டுமா?" என்பதைத்தான். இரண்டும் ஆய்வுக்குக் கதவு திறக்கும் தேசியத் தேர்வுகள், கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தால் மாதாமாதம் என் வங்கிக் கணக்கில் பணம் போடப்போவது யார்? எத்தனை ஆண்டுகளுக்கு? அது நின்றுபோனால் என்ன செய்வது? இவற்றைக் கேட்காமல் ஆய்வில் இறங்கி, நான்காம் ஆண்டில் கையில் காசின்றி, மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வேடு எழுதும் மாணவர்களை நம் பல்கலைக்கழக வளாகங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு வீட்டிலும் இதைச் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவருக்குப் பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மாணவரின் பெயருக்கே வழங்கப்படும் உதவித்தொகை. இரண்டாவது, நெறியாளர் வாங்கி வரும் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிடைக்கும் ஊதியம். மூன்றாவது, கல்வி நிறுவனம் தன் நிதியிலிருந்து தருவது. இந்த மூன்றுக்கும் வெளியே, எந்தப் பணமும் இல்லாமல் முழுநேர ஆய்வு செய்கிற பெருங்கூட்டம் ஒன்றும் உண்டு.

பெயருக்கு வரும் பணம்

முதல் வழியில் பெரியது ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் ஆகிய ஐந்து பாடங்களுக்கு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆரும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு வைக்கின்றன. மற்ற பாடங்களுக்கு யுஜிசி நெட் தனியாக நடக்கிறது. ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன் பிறகு ஒரு குழு அவருடைய வேலையைப் பார்த்து ஒப்புதல் தந்தால் எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலைக்கு உயர்ந்து மாதம் 42,000 ரூபாய் பெறுவார். இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டுகள்.

விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி வரும். அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விகிதப்படி ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் 30 விழுக்காடு என்றால் 11,100 ரூபாய். திருச்சியில் 20 விழுக்காடு, அதாவது 7,400. காரைக்குடியில் 10 விழுக்காடு, 3,700 ரூபாய்தான். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கும் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடைத்த மாணவர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சென்னையில் கூடுதலாக வருவதை வீட்டுக்காரரே வாங்கிக்கொள்வார்.

இந்த உதவித்தொகையின் உண்மையான மதிப்பு தொகையைவிடப் பெரியது. பணம் மாணவரின் பெயரில் இருப்பதால் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் மாணவரிடமே இருக்கிறது. ஜேஆர்எஃப் கையில் இருப்பவர் ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டும்போது, அந்தப் பேராசிரியருக்குச் செலவே இல்லாமல் ஒரு கை கூடுகிறது. ஆய்வகம் ஒத்துவரவில்லை என்றால், விதிமுறைக்கு உட்பட்டு வேறு இடத்துக்கு மாறவும் வழி உண்டு. தனக்குப் பிடித்த தலைப்பில் வேலை செய்கிறேன் என்று சொல்ல முடிவதும் பெரும்பாலும் இவர்களால்தான்.

ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு உண்டு. அதே தேர்வு தரும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. எனவே எம்.எஸ்சி. முடித்த கையோடு எழுதுவதே நல்லது. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்றால் தகுதி மட்டும் கிடைக்கும், பணம் கிடைக்காமல் போகலாம். 2024 ஜூன் முதல் தேர்ச்சி மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஜேஆர்எஃப்புடன் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் பட்டச் சேர்க்கை, சேர்க்கைக்கு மட்டும். மூன்றாம் அடுக்கில் வந்தவர் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைக் காட்டலாம். ஆனால் மாத உதவித்தொகை அதில் கிடையாது. "நெட் பாஸ்" என்று கேட்டதும் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். எந்த அடுக்கில் பாஸ் என்பதைப் பார்க்க வேண்டும்.

தேர்வையே முழுமையாக நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூனில் யுஜிசி நெட் நடந்த மறுநாளே ரத்து செய்யப்பட்டது. அதே மாதம் நடக்கவிருந்த சிஎஸ்ஐஆர் நெட் தள்ளிப்போனது. சேர்க்கைக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தாமதம் ஒரு பருவத்தையே விழுங்கியது. அறிவியல் பாடங்களின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்டப்படிப்பு வரை தமிழில் யோசித்துப் பழகிய மாணவருக்கு இது கூடுதல் சுமை.

நெட்டுக்கு வெளியிலும் வாசல்கள் உண்டு, அவற்றை நம் மாணவர்கள் குறைவாகவே தட்டுகிறார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறை தனித் தேர்வு வைக்கிறது. கணிதத்துக்கு தேசிய உயர் கணித வாரியம் இருக்கிறது. இயற்பியலுக்கு ஜெஸ்ட் தேர்வு. பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த முதல் மதிப்பெண் மாணவருக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே ஐந்தாண்டுப் பாதுகாப்பு தரக்கூடிய மிகச் சில வழிகளில் இது ஒன்று. பட்டியலினத்தவருக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கானது 1,000 பேருக்கும், பழங்குடியினருக்கானது 750 பேருக்கும் என்று வகுக்கப்பட்டது. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. பெருமையோடு அறிவிக்கப்பட்ட ஒரு வாசல் எவ்வளவு எளிதாக மூடப்படும் என்பதற்கு அது சான்று. மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு உதவித்தொகைகளோடு அது மேற்படிகிறது என்பது. அந்த உதவித்தொகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவருக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்?

பொறியியல் மாணவர்களின் பாதை கேட் தேர்வு வழியாகவே போகிறது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். இது 2014 இறுதியில் 8,000இலிருந்து உயர்த்தப்பட்ட தொகை. அதன் பிறகு முனைவர் பட்ட மாணவர்களின் உதவித்தொகை இருமுறை உயர்ந்துவிட்டது, எம்.டெக். தொகை அதே இடத்தில் நீண்ட காலம் நின்றது. பி.இ. முடித்தவுடன் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவர் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால், நல்ல பொறியியல் மாணவர்கள் மேற்படிப்பைத் தவிர்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஐஐடி, என்ஐடி போன்றவற்றில் நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், மூன்றாவது வழியில், நிறுவனமே 37,000, 42,000 என்று தருகிறது. பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் இளநிலை மாணவர்களின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது போன்ற பணிகள் இருக்கும். இது நல்ல ஏற்பாடு. கற்பிக்கும் அனுபவம் கிடைக்கிறது. பணமும் நெறியாளரின் தயவில் இல்லை.

திட்டத்திலிருந்து வரும் பணம்

நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களில் கணிசமானோர் ஆய்வுக்குள் நுழைவது இரண்டாம் வழியில்தான். பல்கலைக்கழக இணையதளத்தின் ஒரு மூலையில் ஒரு பக்க பிடிஎஃப் கிடக்கும். அதை வரிக்கு வரி படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தலைப்பில் "ஜேஆர்எஃப் ஒரு பணியிடம்" அல்லது "திட்ட உதவியாளர்" என்று இருக்கும். அடுத்த வரியில் ஆய்வின் பெயர், நிதி தரும் அமைப்பின் பெயர். அதன்பின் தகுதி: முதல் வகுப்பில் எம்.எஸ்சி., நெட் அல்லது கேட். "நெட் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்று இருந்தால் அவர்களுக்கான ஊதியம் குறைவாக இருக்கும், பதவியின் பெயரும் மாறும். பிறகு காலம்: "ஓராண்டு, திட்டம் நீடிக்கும் வரை நீட்டிக்கப்படலாம்". கடைசியில் சின்ன எழுத்தில், "பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்தோடு முடிவடையும், நிரந்தரப் பணிக்கு உரிமை கோர முடியாது, நேர்காணலுக்குப் பயணப்படி வழங்கப்படாது". விண்ணப்பிக்க இரண்டு வாரம்கூட அவகாசம் இருக்காது. திட்டத்துக்கு ஒப்புதல் வந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுவதால் நெறியாளருக்கு அவசரம்.

இந்தப் பக்கத்தில் எழுதப்படாத இரண்டு செய்திகள்தான் மாணவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது என்பது முதலாவது. இந்தப் பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய முடியுமா என்பது இரண்டாவது.

தொடக்கத் தேதி ஏன் முக்கியம்? ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு வழங்கப்படுகின்றன. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. சோதனைக்கூட அறிவியலில் நான்கரை, ஐந்து ஆண்டுகள் ஆவது வழக்கம். திட்டம் தொடங்கி ஆறு மாதம் கழித்து ஆள் எடுக்கிறார்கள். சேர்ந்தவர் பதிவு செய்ய இன்னும் ஆறு மாதம். மூன்றாண்டுத் திட்டம் முடியும்போது அவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டை முடித்திருப்பார். மீதி மூன்று ஆண்டுகளுக்குப் பணம் எங்கே? நெறியாளருக்கு இன்னொரு திட்டம் கிடைத்தால் அதில் போடுவார். கிடைக்காவிட்டால் மாணவர் வீட்டுக் காசில் படிக்க வேண்டும், அல்லது தனியார் கல்லூரியில் வேலைக்குப் போய் பகுதிநேர ஆய்வாளராக மாற வேண்டும். திட்டம் முடிந்த பிறகு மீதியிருக்கும் இந்த ஆண்டுகளில்தான் எத்தனையோ ஆய்வுகள் பாதியில் கைவிடப்படுகின்றன. தேர்வு முறைகளைப் பற்றி நாம் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வழியில் மாணவர் சார்ந்திருப்பது முழுக்க நெறியாளரை. பணமும் அவர் கையில், ஆய்வேட்டின் கையெழுத்தும் அவர் கையில். நல்ல மனிதராக இருந்தால் எல்லாம் நன்றாகப் போகும். இல்லையென்றால் மாணவர் முறையிட முடியாத நிலையில் மாட்டிக்கொள்வார். ஒரே ஆளிடம் இரண்டு சாவிகளையும் கொடுப்பது தவறான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

பணம் ஏன் தாமதமாகிறது

உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லை, ஆறு மாதமாக வரவில்லை என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். அலட்சியம் ஒரு காரணம்தான். ஆனால் முறையே தாமதம் வரும்படி அமைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

திட்டப் பணம் மொத்தமாக வருவதில்லை. கருவி, நுகர்பொருள், ஆள் ஊதியம், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்தின் மேற்செலவு என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, ஆண்டுத் தவணையாக வருகிறது. முதல் தவணையைச் செலவு செய்து, மார்ச் 31ஆம் தேதி நிலவரப்படி கணக்கு முடித்து, செலவு அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பினால்தான் அடுத்த தவணை. சான்றிதழில் நெறியாளர், நிதி அலுவலர், நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தணிக்கையும் நடக்க வேண்டும். வைப்பில் இருந்த பணத்துக்கு வங்கி தந்த வட்டியைக்கூட பாரத்கோஷ் இணையதளம் வழியாக மத்திய அரசுக்குத் திருப்பிச் செலுத்தி ரசீது இணைக்க வேண்டும். இதில் ஒரு கையெழுத்து தாமதமானாலும் ஏப்ரலில் வர வேண்டிய தவணை ஆகஸ்டுக்குப் போகும். வேதிப்பொருளை வாங்காமல் ஒத்திவைக்கலாம். மாணவரின் சாப்பாட்டை ஒத்திவைக்க முடியாது. ஊதியத் தலைப்பில் பணம் தீர்ந்துவிட்டால், கருவித் தலைப்பில் லட்சக்கணக்கில் கிடந்தாலும் நெறியாளர் அதை எடுத்துக் கொடுக்க முடியாது.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சங்கிலி இன்னும் பலவீனமானது. தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான பிணக்கால் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட் முதல் அந்த நிலையில் இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஊழியர்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறியது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஆய்வுத் திட்டத்தின் கோப்பு முதல் கவனத்தைப் பெறும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாணவரின் பெயருக்கே வரும் உதவித்தொகையும் முழுமையாகத் தானாக வந்துவிடாது. யுஜிசி உதவித்தொகைக்கு கனரா வங்கியின் இணையதளத்தில் ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் உறுதி செய்ய வேண்டும்: இந்த மாணவர் இந்த மாதம் வேலை செய்தார் என்று. ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பதிவேற்றுபவர் விடுப்பில் போனால், அல்லது மாற்றலாகிப் போய்ப் புதியவருக்குக் கடவுச்சொல் வரவில்லை என்றால், அந்த மாதம் பணம் வராது. எஸ்ஆர்எஃப் உயர்வுக்கான ஆவணமும் இதே வழியில்தான் போகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த இரண்டு ஊழியர்களின் இருக்கை எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத, ஆனால் மிகவும் தேவையான அறிவு.

உதவித்தொகை உயர்ந்த வரலாற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஜேஆர்எஃப் 2010இல் 16,000 ரூபாய், 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000. ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடு இதில் இல்லை. அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அதே வளாகத்தில் பத்து மணி நேரம் ஆய்வகத்தில் நிற்பவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் போராடினால். 2019 ஜனவரியில் நாடு முழுவதிலுமிருந்து ஆய்வு மாணவர்கள் டெல்லியில் திரண்டு கைதாகும் அளவுக்குப் போன பிறகே, அந்த மாத இறுதியில் உயர்வு அறிவிக்கப்பட்டது. அறிவியலை வளர்ப்பதாகச் சொல்லும் அரசு இந்த ஒரு விஷயத்தையாவது போராட்டம் இல்லாமல் நடக்கும் விதியாக மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் வெளியே இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் முனைவர் பட்டம் படிப்பவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற சிறு தொகை இருக்கிறது. 2015இல் அதையும் நிறுத்த யுஜிசி முனைந்தபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அந்த 8,000கூட இல்லை. அண்ணா, பாரதிதாசன், பாரதியார், அழகப்பா என்று நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோரில் பலர் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார்கள். தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கி, ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு நடத்தியது வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் தேவைப்படுவோரின் எண்ணிக்கைக்கு முன் அதன் இடங்கள் மிகக் குறைவு.

பட்டம் வாங்கிய பிறகு

முனைவர் பட்டத்துக்குப் பின் நிரந்தர வேலைக்கு முன் ஒரு நீண்ட நடைபாதை இருக்கிறது. ஆய்வு இணையர், தேசிய முதுமுனைவர் உதவித்தொகை, வெளிநாட்டு முதுமுனைவர் பணி என்று ஆளுக்கு ஒரு வழியில் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் கழிகின்றன. தமிழ்நாட்டு வேதியியல், பொருளறிவியல் ஆய்வாளர்கள் பலர் தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வாளரே பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். ஒப்பந்தம், சமூகக் காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 2025இல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியைப் பாதிக்கும் மேல் வெட்டப் பரிந்துரை வந்ததும், புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பாதையை நம்பியிருந்தவர்களை யோசிக்க வைத்திருக்கின்றன.

திரும்பி வர விரும்புவோருக்கு நல்ல திட்டங்கள் இருக்கின்றன. இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டத்தில் ஐந்தாண்டுக்கு மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதியும் உண்டு. ராமானுஜன் உதவித்தொகையில் மாதம் 1,35,000. உயிர் அறிவியலுக்கு ராமலிங்கசுவாமி திட்டம். ஆனால் இவை எல்லாமே ஐந்தாண்டு ஏற்பாடுகள். ஐந்தாம் ஆண்டு முடியும் முன் ஏதாவது ஒரு நிறுவனம் நிரந்தர இடம் தர வேண்டும். தர வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில், பள்ளி செல்லும் குழந்தையோடு, அடுத்த ஆண்டு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் இருக்கும் முதல்தர ஆய்வாளர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

நிரந்தர இடம் கிடைத்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. ஐஐடி உதவிப் பேராசிரியரின் முதல் நிலை அடிப்படை ஊதியம் 1,01,500 ரூபாய். பல்கலைக்கழக, அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி ஊதிய விகிதப்படி 57,700 ரூபாயில் தொடங்குகிறது; படிகள் தனி. இந்த இடங்கள் எப்போது நிரப்பப்படும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன் நீண்ட வறட்சி. அந்த வறட்சிக் காலத்தில் அரசுக் கல்லூரி வகுப்புகளை நடத்தியவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களின் தொகுப்பூதியம் 20,000 ரூபாயிலிருந்து 2023-24 வாக்கில் 25,000 ஆனது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று யுஜிசி 2019லேயே வழிகாட்டியிருந்தது.

ஆய்வைத் தொடங்கும் 23 வயது மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். அந்த ஆய்வை முடித்து, பட்டம் வாங்கி, கட்டுரைகள் வெளியிட்டு, அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தும் 35 வயது முனைவருக்கு 25,000. படிக்கட்டில் மேலே ஏற ஏற வருமானம் குறையும் இந்த நிலைமை உலகில் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா என்று தெரியவில்லை. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்றும் யுஜிசி அறிவித்துவிட்டது.

தனியார் பொறியியல் கல்லூரிகளின் நிலையை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்த தகவல் காட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். இணைப்பு அங்கீகாரத்துக்கு முனைவர் பட்டம் பெற்றவரின் பெயர் தேவைப்படுகிறது. சம்பளம் கொடுத்து அவரை வைத்துக்கொள்ள மனமில்லை. வேலையில்லாத முனைவர்கள் ஒரு பக்கம் இருக்க, இல்லாத முனைவர்கள் தாளில் பாடம் நடத்தினார்கள்.

புதிய பணம் எங்கே போகிறது

அண்மை ஆண்டுகளில் பெரிய தொகைகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைந்தது; ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்பது இலக்கு. அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் முதலிய வெளி வழிகளிலிருந்து வர வேண்டும். இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது, தனியாரின் பங்கு அதிலும் குறைவு என்ற நிலையில், அந்த 36,000 கோடி வந்து சேரும் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை. தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி; அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐஐடி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை முதல் ஆண்டே மாதம் 70,000 ரூபாய் தருகிறது. ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் அடுத்த ஐந்தாண்டில் 10,000 இடங்கள் என்று 2025 பட்ஜெட் சொன்னது. தனியார் துறைக்குக் குறைந்த வட்டிக் கடனாக ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஒவ்வொன்றும் தேவையானதே. சேர்த்துப் பார்த்தால் பணம் ஏற்கெனவே பணம் இருக்கும் இடங்களுக்கே போகிறது. ஒரே அறிவியலை, ஒரே நகரத்தில், இரண்டு மாணவர்கள் செய்கிறார்கள். கிண்டியில் ஐஐடி வேலிக்கு உள்ளே இருப்பவருக்கு 70,000 கிடைக்கலாம். சற்றுத் தள்ளி மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம். இந்தியாவின் கல்லூரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இதன் இழப்பு யாருக்கு என்பது தெரியும்.

இதைச் சரிசெய்யச் சில நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்காகவே ஷ்யூர் என்ற திட்டம் மூன்றாண்டுக்கு 30 லட்சம் ரூபாய் தர முன்வந்தது. டேர் என்ற திட்டம் கல்லூரி ஆசிரியர் தன் வேலையை விடாமலே அருகிலுள்ள ஐஐடி அல்லது தேசிய ஆய்வகத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்ய வழி செய்கிறது. பெரிய நிறுவனம் ஒன்றோடு சிறிய பல்கலைக்கழகங்களை இணைக்கும் பேர் (PAIR) என்ற திட்டத்தை அனுசந்தான் அறக்கட்டளை கொண்டு வந்திருக்கிறது. சிறிய ஊர்க் கல்லூரியில் இருக்கும் ஆசிரியர்கள் இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கருவி இல்லை என்ற குறைக்கு ஐ-ஸ்டெம் இணையதளத்தில் நாட்டின் பல ஆய்வகக் கருவிகளை முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. பெண்களுக்கு ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசமும் உண்டு. இவை தெரியாததால் ஆய்வையே விட்டுவிட்டுப் போன பெண்கள் இருக்கிறார்கள். படிப்பை விட்டு இடைவெளி விழுந்தவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்திவந்தது.

திட்டப் பணிக்கு நேர்காணலுக்குப் போகும் மாணவர் குழுவிடம் மரியாதையாக, தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: அனுமதிக் கடிதத்தின் தேதி என்ன, இன்னும் எத்தனை மாதங்கள் மீதி? முனைவர் பட்டப் பதிவுக்கு வாய்ப்பு உண்டா, எந்தப் பருவத்தில்? உங்கள் ஆய்வகத்தில் கடைசியாகப் பட்டம் பெற்றவர் எத்தனை ஆண்டில் முடித்தார், திட்டம் முடிந்த பிறகு அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நெறியாளரிடம் சேரலாம். சேர்ந்த பிறகும் அடுத்த நெட் தேர்வுக்குத் தொடர்ந்து படிக்க வேண்டும். திட்டத்தில் இருக்கும்போதே ஜேஆர்எஃப் வாங்கிவிட்டால் பணம் மாணவரின் பெயருக்கு மாறிவிடும்.

பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்திலிருந்தும் நிறுவனத்துக்கு மேற்செலவுப் பணம் வருகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, தவணை தாமதமாகும் மாதங்களில் மாணவருக்கு முன்பணமாகக் கொடுத்து, தவணை வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத் தாமதத்தைத் தாங்க ஒரு மாணவருக்கு 2,22,000 ரூபாய் வேண்டும். ஐம்பது பேருக்கு 1 கோடியே 11 லட்சம். அது செலவும் அல்ல, திரும்பி வரும் சுழல்நிதி. இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.